பாவுகல்லின் சந்து

கல் பாவிய முற்றத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளியே சந்து. மேஸ்திரிகள் வாயில் அது 'ஜாயிண்ட்'. அகலம் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், கல்தளம் கெடத் தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான். கல் தேய்ந்து தளம் பாழாவது அரிது. சந்து வெறுமையாகி, அதன் வழியே நீர் இறங்கி, அடிமணலை அரித்து, கல் ஆட்டம் கண்டு, ஓரம் உடைந்து பாழாவதே எங்கும் நடக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குபவர்கள்கூட, சந்தில் என்ன நிரப்பப்படுகிறது என்பதை வேலையாளின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

ஹைதராபாத் கல்லின்மேல் அமர்ந்த ஊர். சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல் பாறை கோல்கொண்டாவிலும் பஞ்சாரா, ஜூப்ளி குன்றுகளிலும் வெளியே தெரிகிறது. 1591இல் எழுந்த சார்மினாரைச் சுற்றி, வண்டிகளை விலக்கி நடப்பவர்களுக்கு இடம் கொடுக்கும் திட்டத்தில் பாவப்பட்ட சிறு கற்களும் கருங்கல்லே. வீட்டு முற்றத்திலும் கார் நிற்கும் இடத்திலும் படிகளிலும் கிடப்பது வேறு கல். மேற்கே விகாராபாத் மாவட்டத்துத் தாண்டூரிலிருந்தும், எல்லை தாண்டி கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்து ஷாஹாபாத்திலிருந்தும் வரும் பலகைக்கல் அது. இரண்டுமே பீமா படுகை எனப் புவியியலார் அழைக்கும் நிலப்பகுதியின் சுண்ணாம்புக்கல். பழங்காலக் கடலடியில் படிவு படிவாக இறுகியதால் ஏடு ஏடாகப் பிளக்கும். தாண்டூர் கல்லில் நீலம், மஞ்சள் என இரண்டு நிறம் உண்டு. ஷாஹாபாத் கல் சாம்பல் நிறம். தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழகிய கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல்தான். ஆகவே ஹைதராபாத் முற்றத்துக்குச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

கற்களை ஒன்றோடொன்று நெருக்கி, சந்தே இல்லாமல் பாவினால் என்ன என்று தோன்றலாம். வெப்பம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள கருங்கல், ஒரு பாகை சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு நீளும். ஜனவரி விடியலில் ஹைதராபாத்தில் கல் 15 பாகை செல்சியஸில் குளிர்ந்து கிடக்கும். மே மாதப் பிற்பகலில் காற்றே 40 பாகையைத் தாண்டும் ஊரில், வெயில் நேராக விழும் கல் 60 பாகையைத் தொடும். இந்த 45 பாகை வேறுபாட்டில் 6 மீட்டர் நீளத் தளம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது. சுற்றிலும் சுவர் இறுக்கிப் பிடித்திருக்க, சந்துகளும் கெட்டிச் சிமெண்டாக இருந்தால், அந்த இரண்டு மில்லிமீட்டருக்குப் போக்கிடம் இல்லை. நடுவில் இரண்டு கற்கள் முட்டிக்கொண்டு கூரைபோல் எழும்பிவிடும். சில வேளை பட்டென்ற ஓசையோடு. பகல் முழுதும் காய்ந்த கல்லின்மேல் மாலையில் இடிமழை கொட்டும்போது இதற்கு நேரெதிராக நடக்கிறது. மேற்பரப்பு சில நிமிடங்களில் சுருங்க, உட்பகுதி சூடாகவே இருக்கிறது. அந்த இழுவை முதலில் தெரிவது, கல்லும் சாந்தும் சேரும் ஓரத்தில் ஓடும் மயிரிழை விரிசலாக.

சுமையைப் பங்கிடுவதும் சந்தின் வேலைதான். மணற்படுக்கைமேல் பாவிய சிறு கற்களில் ஒன்றின்மேல் சக்கரம் ஏறும்போது, அந்தக் கல் கீழே இறங்கப் பார்க்கிறது. சந்தில் இறுகியிருக்கும் மணல் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி, உராய்வால் பக்கத்துக் கல்லையும் சேர்த்துப் பிடிக்கின்றன. சுமை நாலாபக்கமும் பரவுகிறது. அதனால்தான் ஒட்டுப்பொருள் எதுவுமின்றி, வெறும் மணலால் இறுகிய கல்பாதை வண்டிச் சுமையையும் தாங்குகிறது. சந்தில் மணல் பாதியாகக் குறைந்தால் இந்தப் பிடிப்பு போய்விடும். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகச் சுமை சுமக்க நேரும். அப்போது கல் மேலும் கீழும் அசைகிறது. அசையும் கல் மிச்ச மணலையும் வெளியே தள்ளுகிறது. மழைநாளில் இது இன்னும் வேகமாக நடக்கும். சக்கரம் அழுத்தும்போது அடியில் தேங்கிய நீர், மணலைக் கரைத்துக்கொண்டு சந்தின் வழியே சேறாகப் பீச்சியடிக்கும். கல்லின் ஓரத்தில் காய்ந்த சேற்றுக்கோடு தெரிந்தால், படுக்கை அரிக்கப்படுகிறது என்று பொருள்.

நீரைப் பொறுத்தவரை சந்து ஒரு வாசல். அந்த வாசலின் அளவு கல்லின் அளவைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்கல்லை 6 மில்லிமீட்டர் சந்து விட்டுப் பாவினால், தளப்பரப்பில் சந்தின் பங்கு நூற்றுக்கு இரண்டுதான். 10 சென்டிமீட்டர் சிறுகல்லை ஒரு சென்டிமீட்டர் சந்துடன் பாவினால் அது நூற்றுக்குப் பதினேழாகிறது. முதல் தளத்தில் மழைநீர் வாட்டத்தை நம்பியே வழிந்தோட வேண்டும். இரண்டாவதில், அடியில் இருப்பது நீரை வாங்குமானால், கணிசமான நீர் நிலத்துக்குள் இறங்கும். 2020 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஒரே நாளில் 19 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தெருக்கள் ஆறாக ஓடியதை நினைத்தால், முற்றத்தின் சந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு சிமெண்டால் அடைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

இங்கிருந்து இந்தத் தொழிலின் தலையாய விதி பிறக்கிறது: சந்தில் நிரப்புவது எது என்பதைக் கல்லுக்குக் கீழே இருப்பது முடிவு செய்யும். ஜல்லியும் மணலும் பரப்பிய நெகிழ்வான படுக்கையின்மேல் கிடக்கும் கற்களுக்கு மணல் சந்து. கான்கிரீட் தளத்தின்மேல் சாந்து வைத்துப் பதித்த கற்களுக்குச் சாந்துச் சந்து, நடுநடுவே நெகிழும் சந்து. இரண்டையும் கலந்தால் கேடு. மணற்படுக்கைக் கற்களின் சந்தில் சிமெண்ட் கலவையை ஊற்றினால், கல் இயல்பாக அசையும் முதல் மாதத்திலேயே கலவை துண்டு துண்டாக உடையும். அந்தத் துண்டுகள் சந்தில் ஆப்புப்போல் நின்று கல்லின் ஓரத்தைச் சில்லாக்கும். மாறாக, கான்கிரீட் தளத்தின்மேல் மணல் சந்து வைத்தால், இறங்கும் நீருக்கு வெளியேற வழி இல்லாமல் கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே தேங்கும்.

தேங்கும் நீர் சும்மா இருப்பதில்லை. சிமெண்ட் சாந்திலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு சந்தின் வழியே மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகப் படியும். தாண்டூர் நீலக்கல்லின் கருநீலத்தில் இந்த வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியும். தேய்த்து எடுத்தாலும் அடுத்த மழைக்குப் பின் மீண்டும் வரும். மேலே எதைப் பூசியும் இதை நிறுத்த முடியாது. அடியில் நீர் தேங்குவதை நிறுத்தினால்தான் நிற்கும்.

சிமெண்ட் சாந்துக்கு முந்தியது சுண்ணாம்புச் சந்து. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துச் சந்தில் வைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்க்கும் வழக்கம் தக்காணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொது. சார்மினாரும் குதுப் ஷாஹி கல்லறைகளும் இத்தகைய சுண்ணாம்பின் துணையில்தான் நானூறு ஆண்டு நிற்கின்றன.

சுண்ணாம்பின் பெருமை அதன் மென்மையில் இருக்கிறது. சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கட்டடம் அசையும்போது சாந்து விரிசல் விட்டுக் கல்லைக் காக்க வேண்டும். விரிந்த மயிரிழைக்குள் நீர் புகும்போது கரைந்த சுண்ணாம்பு அங்கேயே மறுபடி படிந்து சிறு விரிசல்களைத் தானே மூடிக்கொள்வதும் உண்டு. ஈரமும் உப்பும் கல்லைத் துளைக்காமல் சந்தின் வழியே வெளியேறும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சாந்தை மாற்றினால் போதும், கல் அப்படியே இருக்கும். கெட்டிச் சிமெண்ட் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. சந்து உறுதியாக நிற்க, ஈரம் கல்லின் வழியே வெளியேற முயன்று கல்லின் ஓரம் பொரிந்து உதிர்கிறது. ஏடு ஏடான தாண்டூர் கல்லில் உதிர்வு படலம் படலமாக நடக்கும். 2013இல் குதுப் ஷாஹி வளாகத்தில் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் மாநில அரசின் தொல்லியல் துறையும் தொடங்கிய சீரமைப்பில், இருபதாம் நூற்றாண்டில் பூசப்பட்ட சிமெண்டைப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்பை மீண்டும் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான். அதே ஆண்டு மழையில் ஒரு பகுதி சரிந்த படி பாவ்லி என்னும் பெரிய படிக்கிணறும் மீட்கப்பட்டது. கோல்கொண்டாப் படிக்கிணறுகளின் சீரமைப்புக்கு 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதும் கிடைத்தது. கல்லுக்கு ஒத்த சாந்து எது என்று கேட்டு வேலை செய்ததற்கு அந்த வளாகமே சான்று.

இனி, சந்து எப்படித் தேய்கிறது என்பது. அன்றாட வழக்கங்களே முதல் காரணம். காலையில் வாசல் தெளித்துப் பெருக்கும்போது ஈர்க்குத் துடைப்பத்தின் நுனி ஒவ்வொரு சந்திலும் ஆழ்ந்து ஒரு சிட்டிகை மணலைக் கிளப்பிக்கொண்டு போகும். ரப்பர் குழாயின் வாயை விரலால் அமுக்கி நீரைப் பீச்சினால், ஓராண்டுத் துடைப்பம் செய்வதை ஒரு நாளில் செய்துவிடும். எறும்பு இன்னொரு பக்கம். சந்தின் மேல் பழுப்பு நிறத்தில் நுண்மணல் குவியல் ஒன்று கூம்பாக நிற்கும். காலால் தட்டிவிட்டால் மறுநாள் மீண்டும் நிற்கும். அந்தக் குவியல் முழுதும் கல்லுக்கு அடியிலிருந்து வந்த மணல். அரிசிமாவுக் கோலமும் சிந்திய பருக்கையும் இருக்கும் வாசலில் எறும்பு வருவதைத் தடுக்க முடியாது. தடுப்பது கோலத்தின் நோக்கமும் அல்ல. மணலை அவ்வப்போது நிரப்பினால் போதும். அரச மரக்கன்றும் அருகம்புல்லும் வேறு வகை. புல்லின் வேர் மணலைப் பிடித்து வைக்கும், பெரிய தீங்கில்லை. அரசங்கன்றை இரண்டு இலை விட்டவுடனே வேரோடு எடுக்க வேண்டும். வேர் பருத்தால் கல்லைத் தூக்கிவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது ஆசிட். பாவும் வேலை முடிந்ததும் கல்லில் காய்ந்த சிமெண்ட் கறையைப் போக்க, பாட்டிலில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றித் தேய்ப்பது பரவலான வழக்கம். தாண்டூர் கல்லின்மேல் ஊற்றியவுடன் சுர்ரென்று நுரைக்கும். கறை கரைவதால் வரும் நுரை என்று பலர் நினைப்பது தவறு. கல்லே கரைந்து கரியமில வாயுவை விடுகிறது. காய்ந்தபின் கல்லின் மினுமினுப்புப் போய்ச் சொரசொரப்பான வெளிறல் நிற்கும். கரைந்த கால்சியம் குளோரைடு சந்துக்குள் இறங்கி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கருங்கல்லில் கல் பிழைக்கும், ஆனால் சந்திலுள்ள சாந்தை அமிலம் தின்றுவிடும். சுண்ணாம்புக்கல் தளத்துக்கு அமிலத் தன்மையற்ற சோப்பும் நாரும் நிறைய நீரும் போதும். சாந்து சிந்தும்போதே ஈரத்துணியால் துடைப்பது அதைவிட மேல்.

தளத்தைச் சோதிக்கக் கருவி அதிகம் வேண்டாம். மரச்சுத்தியலாலோ நாணயத்தாலோ கல்லைத் தட்டினால், நன்கு அமர்ந்த கல் 'டக்' என்று இறுக்கமாக ஒலிக்கும். அடி வெறுமையான கல் பானைபோல் 'டொக்' என்னும். மணல் சந்தில் குச்சியை நுழைத்துப் பார்த்து, கல்லின் மேற்பரப்பிலிருந்து மணல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் நிரப்பும் காலம் வந்துவிட்டது. ஒரு குடம் நீரை மேட்டுப்பக்கத்தில் ஊற்றி அது எங்கே போகிறது என்று பார்ப்பது மூன்றாவது. மீட்டருக்கு 12 முதல் 15 மில்லிமீட்டர் வாட்டம் இருந்தால் நீர் தயங்காமல் ஓடும். ஒரு சந்தில் மட்டும் குமிழியிட்டு மறைந்தால் அதற்கடியில் பள்ளம் இருக்கிறது. அந்தக் கல்லைத் தூக்கிப் படுக்கையைச் சரிசெய்யாமல் சந்தை மட்டும் நிரப்புவது வீண்.

மணல் நிரப்புவது எளிய வேலை, ஒரே ஒரு நிபந்தனை: கல்லும் சந்தும் மணலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணல் சந்தின் வாயிலேயே கட்டிக்கொண்டு பாலம் போல் நிற்கும், உள்ளே வெறுமைதான். கையால் வெட்டிய தாண்டூர் கல்லில் இது இன்னும் கவனத்துக்குரியது. அதன் விளிம்பு அடிப்பக்கம் உள்வாங்கியிருப்பதால், மேலே அரை அங்குலமாகத் தெரியும் சந்து கீழே ஓர் அங்குலமாக விரிந்திருக்கும். சலித்த மணலைத் தூவி, துடைப்பத்தால் குறுக்காகத் தள்ளி, தட்டைக்கம்பியால் குத்தி, மரச்சுத்தியலால் கல்லைத் தட்டி, இறங்கியதும் மறுபடி நிரப்ப வேண்டும். மூன்று முறையாவது இது நடக்கும். உருண்டை வடிவ ஆற்றுமணல் எளிதில் இறங்கும், ஆனால் அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளாது. கோணல் முனைகளுள்ள உடைமணல் பிடித்துக்கொள்ளும். கிரஷர் தூளைச் சலிக்காமல் அப்படியே போட்டால் அதிலுள்ள மாவு ஈரத்தைப் பிடித்து வைத்துக் களைக்கு இடம் கொடுக்கும். சிமெண்ட் பேவர் பிளாக்குகளுக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் சந்து போதும் என்பதால் அங்கே மணல் இன்னும் நுண்ணியதாக இருக்க வேண்டும்.

பாலிமர் மணல் என்று இப்போது விற்பது, நீர் பட்டால் ஒட்டும் பிசின் கலந்த மணல். துடைப்பத்துக்கும் எறும்புக்கும் எளிதில் அசையாது, சிறு நெகிழ்வும் உண்டு. நிரப்பியபின் கல்லின்மேல் ஒட்டியிருக்கும் தூசியை ஊதி அகற்றாமல் நீர் தெளித்தால், அது வெண்படலமாகக் கல்லில் ஒட்டிவிடும். சொரசொரப்பான ஷாஹாபாத் கல்லில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. நீரைப் பூவாளியால் பனிபோல் தூவ வேண்டும், ஒரு நாளாவது மழை படாமல் இருக்க வேண்டும், அடியில் நீர் வடிய வழியும் இருக்க வேண்டும். நீர் தேங்கும் இடத்தில் பிசின் இளகி மணல் கூழாகும்.

சாந்துச் சந்தைப் புதுப்பிக்கும்போது பழைய சாந்தை எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதே பாதி வேலை. சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது தோண்ட வேண்டும். மேலே மெழுகினாற்போல் பூசிய ஐந்து மில்லிமீட்டர் சாந்து முதல் கோடையிலேயே பெயர்ந்துவிடும். உளியும் சிறு சுத்தியலும் போதும். வெட்டுஇயந்திரத்தின் சக்கரம் கணநேரத்தில் கல்லின் ஓரத்தில் ஏறி, அழியாத கீறலை விட்டுவிடும். தூசியைத் துலக்கி, சந்தை நனைத்து, மேற்பரப்பு நீர் வற்றியதும் சாந்தை இரண்டு அடுக்காக அழுத்தி நிரப்ப வேண்டும். நனைக்காத கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும். சாந்து இறுகாமல் பொடியாகும். பின் ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரம் காக்க வேண்டும். சுண்ணாம்பானால் இன்னும் பொறுமை தேவை.

கான்கிரீட் மேல் பதித்த வெளித்தளத்தில், இரண்டரை முதல் மூன்றரை மீட்டருக்கு ஒரு நெகிழும் சந்தும், சுவரையும் தூணையும் தொடும் ஓரமெங்கும் ஒன்றும் விடுவது நல்ல வழக்கம். இதை அடைப்பது பாலிசல்பைடு, பாலியூரித்தேன், சிலிக்கான் போன்ற ரப்பர்த் தன்மையுள்ள பொருள். இவற்றில் பல, தம் அகலத்தில் நூற்றுக்கு 25 பங்கு வரை விரிந்து சுருங்கக்கூடியவை. 2 மில்லிமீட்டர் அசைவைத் தாங்க வேண்டுமானால் சந்து 8 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். ஆழம் அகலத்தில் பாதி போதும். அடியில் நுரைக்கயிறு ஒன்றைச் செருகி அதன்மேல் பசையை இடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பசை இரண்டு பக்கக் கல்லில் மட்டுமே ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக்கூடாது. மூன்று பக்கமும் ஒட்டினால் இழுபட இடமில்லாமல் நடுவில் கிழிந்துவிடும். புளிப்பு வாடை வீசும் சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுவதால் சுண்ணாம்புக்கல்லுக்கு ஆகாது. கல்லுக்கென்று செய்த, வாடையற்ற வகைதான் வேண்டும். மலிவானவற்றின் எண்ணெய் கல்லில் ஊறிச் சந்தின் இருபுறமும் கருங்கோடாக நிற்கும்.

கல்லின்மேல் பூசும் சீலரைச் சந்து அடைப்பாக எண்ணுவது தவறு. அது திறந்த சந்தை மூடாது. சிலேன், சிலாக்சேன் வகை, கல்லின் நுண்துளைச் சுவர்களில் படிந்து நீரை விலக்கும். ஆவி வெளியேறத் தடையில்லை, நிறமும் அவ்வளவாக மாறாது. பளபளக்கும் அக்ரிலிக் பூச்சு தோலாக நின்று ஈரத்தை அடைத்துவைக்கும். மழைக்காலம் முடிவதற்குள் அடியில் பால்போல் வெளிறும், நடப்பவருக்கு வழுக்கும். எதைப் பூசினாலும் முதலில் ஒரு மூலைக்கல்லில் பூசி, ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுவதே சரி.

ஹைதராபாத்தின் பருவம் இந்த வேலைகளுக்குத் தானே நாள் குறித்துத் தருகிறது. மார்ச் முதல் மே வரை மணல் நிரப்பவும் சீலர் பூசவும் ஏற்றது. கல் உள்வரை காய்ந்திருக்கும். அந்த வெயிலில் சாந்து வேலை ஆகாது, சாந்து வெடித்துவிடும். அதற்கு மழை ஓய்ந்த நவம்பரிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். நெகிழும் சந்தை அடைக்க, கடும் வெயிலும் கடும் குளிரும் இல்லாத நாளின் காலை வேண்டும். அப்போது சந்து தன் நடு அகலத்தில் இருக்கும். மேயில் அடைத்தால், சந்து அதிகம் சுருங்கிய நிலையில் இறுகிய பசை ஜனவரியில் தாங்க முடியாத அளவுக்கு இழுபடும்.

கோடையில் நிரப்பிய மணல் ஜூன் முதல் மழைக்குப் பிறகு சற்று இறங்குவது இயல்பு. அதற்கென அதே மணலில் அரை மூட்டையை நனையாத இடத்தில் எடுத்து வைப்பவர்கள், மழை இடைவெளியில் கல் காயும் ஒரு நாளில் மறுபடி நிரப்புகிறார்கள். அதோடு, அதே தொகுதியில் வந்த நான்கைந்து கற்களையும் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொள்வது நல்லது. தாண்டூர் கல்லின் நிறமும் கனமும் குவாரிக்குக் குவாரி, அடுக்குக்கு அடுக்கு மாறும். பத்தாண்டு கழித்து ஒரு கல் உடையும்போது கடையில் அதே கல் கிடைக்காது.